9–0, மீதி 12 விநாடி: குவாங்சோ 2010இல் ஒரு தகுதி நீக்கம்

நடந்தது என்ன

2010 நவம்பர் 17. சீனாவின் குவாங்சோ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்துகொண்டிருந்தது. டேக்வாண்டோவில் பெண்கள் 49 கிலோவுக்கு உட்பட்ட பிரிவின் தொடக்க ஆட்டங்கள். ஒரு பக்கம் தைவான் வீராங்கனை, எதிரே வியட்நாம் வீராங்கனை. முதல் சுற்று முடிய 12 விநாடி இருந்தபோது பலகையில் 9–0. ஒன்பதும் தைவான் பக்கம். அந்த நேரத்தில் ஆட்டம் நிறுத்தப்பட்டது. அதிகாரிகள் பேசினார்கள். கொஞ்ச நேரத்தில், முன்னிலையில் இருந்தவரே தகுதி நீக்கம் செய்யப்பட்டார். அவருடைய காலுறையின் குதிகாலில், உதை பட்டதை உணர்ந்து புள்ளி ஏற்றும் சென்சார்கள் அனுமதியில்லாமல் கூடுதலாக இருந்தன என்பது காரணமாகச் சொல்லப்பட்டது.

ஆட்டம் நடந்தது இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரம். அதன் பின்விளைவு டிசம்பர் வரை நீண்டது. ஒரு தீவின் தெருக்களில் இன்னொரு நாட்டின் கொடி எரிந்தது.

வீராங்கனை, பயிற்சியாளர், நடுவர்கள் ஆகியோரின் பெயர்களை இங்கே எடுக்கவில்லை. பெயர் வந்ததுமே ஆள் பக்கம் சாய்ந்து பேசத் தொடங்கிவிடுகிறோம், இந்த விவகாரத்தில் அன்று நடந்ததும் அதுதான்.

பின்னணி: 49 கிலோ, தைவான், ஒரு பெயர்ச் சிக்கல்

ஒலிம்பிக்கில் பெண்களுக்கு நான்கே எடைப் பிரிவுகள்: 49, 57, 67, 67க்கு மேல். 2010 ஆசியப் போட்டியிலும் உலகப் போட்டியிலும் எட்டு. 49 கிலோ இரண்டு பட்டியலிலும் உண்டு. அதனால் ஆசியப் போட்டியில் இந்தப் பிரிவில் நிற்கிறவர்களின் மனதில் அடுத்த ஒலிம்பிக்கும் ஓடிக்கொண்டிருக்கும்.

தைவானுக்கு இந்த எண்ணின் மேல் தனிப் பாசம். 2004இல் ஏதென்ஸில் அவர்களுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம், பெண்கள் 49 கிலோ டேக்வாண்டோவில் வந்தது. அதே நாளில் ஆண்கள் 58 கிலோவில் இரண்டாவது தங்கமும் வந்தது. அதற்கு முன் எத்தனையோ ஒலிம்பிக் போய், ஒரு தங்கமும் இல்லாமல் திரும்பிய ஊர் அது. நம்மூரில் ஹாக்கிக்கு ஒரு காலத்தில் இருந்த இடம் அங்கே டேக்வாண்டோவுக்கு உண்டு என்று சொன்னால் புரியும்.

இன்னொன்று. தைவான் தன் பெயரில் ஆட முடியாது. 1981இல் ஏற்பட்ட ஒப்பந்தப்படி 'சீன தைபே' என்ற பெயரில், வேறு கொடியோடுதான் ஆட வேண்டும். சீனாவிலேயே நடக்கும் போட்டிக்கு அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு போவது அவர்களுக்கு லேசான விஷயம் இல்லை. அதே 49 கிலோவில் சீனாவின் வூ ஜிங்யூ இருந்தார், பெய்ஜிங் 2008 ஒலிம்பிக் சாம்பியன். தைவான் வீராங்கனையும் பதக்கம் வெல்லக்கூடியவராகக் கருதப்பட்டவர். இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் எந்தச் சிறு பிசகும் சிறு பிசகாக இருந்துவிடாது. அதிகாரிகள் இதை முன்பே எடைபோட்டிருக்க வேண்டும்.

மெஷின் ஏன் வந்தது

டேக்வாண்டோவில் புள்ளி என்பது பல காலம் நடுவர் கண்ணில் பட்டதுதான். மூலையில் உட்கார்ந்திருக்கும் நடுவர்கள் உதை பட்டதா, போதிய வேகத்தில் பட்டதா என்று பார்த்துக் கையிலுள்ள பொத்தானை அழுத்துவார்கள். ஒரு விநாடிக்குள் எத்தனை பேர் அழுத்தினார்கள் என்பதை வைத்துப் புள்ளி. ஒருவர் கண் சிமிட்டினால் ஒரு புள்ளி போச்சு.

2008 ஆகஸ்ட் 23 அன்று பெய்ஜிங்கில் இந்த முறையின் கந்தல் முழுக்க வெளியே தெரிந்தது. பெண்கள் அதிக எடைப் பிரிவில் பிரிட்டிஷ் வீராங்கனை தலையில் வைத்த உதை கணக்கில் ஏறவில்லை. விடியோவைப் பார்த்தபின் முடிவையே மாற்றி, நடப்புச் சாம்பியனை வெளியே அனுப்ப வேண்டியதாயிற்று. அதே நாளில் கியூபா வீரர் ஒருவர் நடுவரின் முகத்திலேயே உதைத்தார். அவருக்கும் அவருடைய பயிற்சியாளருக்கும் வாழ்நாள் தடை.

இப்படியே போனால் ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு நிலைக்குமா என்ற பயம் சியோலில் உள்ள உலக டேக்வாண்டோ கூட்டமைப்புக்கு வந்தது. மின்னணு மார்க்கவசம் வேகமாக உள்ளே கொண்டுவரப்பட்டது. ஹோகு எனப்படும் மார்க்கவசத்துக்குள் சென்சார், காலில் அணியும் உறையில் சென்சார். இரண்டும் ஒன்றையொன்று உணர்ந்து, அந்த எடைப் பிரிவுக்கு வகுத்த அளவுக்குக் குறையாத விசையும் இருந்தால் புள்ளி தானாக ஏறும். தலை உதைக்கு அப்போது இன்னும் நடுவர் பொத்தான்தான். மின்னணுத் தலைக்கவசம் ரியோ 2016இல்தான் ஒலிம்பிக்குக்கு வந்தது.

நோக்கம் நியாயமானதுதான். ஆனால் மனிதக் கண்ணின் மேல் இருந்த சந்தேகம் மறையவில்லை, காலுறைக்கு இடம் மாறியது. முன்பு "நடுவர் சரியாகப் பார்த்தாரா?" என்றார்கள். இப்போது "கால்ல என்ன மாட்டியிருக்கு?"

அந்தக் காலுறை

இதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்பது நல்லது. சண்டையெல்லாம் இதற்குள்தான் இருக்கிறது.

சாதாரண சாக்ஸ் மாதிரி இது முழுப் பாதத்தையும் மூடாது. பாயில் கால் வழுக்கக் கூடாது என்பதால் உள்ளங்காலின் பெரும்பகுதி திறந்திருக்கும். மேல் பாதத்திலும் பக்கவாட்டிலும் சென்சார் துண்டுகள் தைத்திருக்கும். குவாங்சோவில் பயன்படுத்தியது கொரியாவின் லாஜஸ்ட் நிறுவனத்தின் கருவி. அந்த நிறுவனத்தின் காலுறையில் பழைய வகை, புதிய வகை என்று இரண்டு இருந்தன. பழைய வகையில் குதிகால் பக்கம் வெல்க்ரோவால் ஒட்டி எடுக்கக்கூடிய சென்சார் துண்டுகள் உண்டு. புதியதில் அவை இல்லை. தைவான் வீராங்கனை அணிந்துவந்தது பழைய வகை.

குதிகாலில் சென்சார் இருந்தால் என்ன லாபம்? டேக்வாண்டோவில் அதிகம் விழும் உதை டோல்யோ சாகி, பக்கவாட்டிலிருந்து சுழற்றி மேல் பாதத்தால் அடிப்பது. அதற்குக் குதிகால் வேண்டாம். முதுகைக் காட்டித் திரும்பிப் பின்னால் குத்தும் ட்வி சாகியில் மார்க்கவசத்தில் போய் இறங்குவது குதிகால்தான். நெருக்கமாக நின்று தள்ளிக்கொள்ளும்போதும் எங்கேயாவது உரசி மெஷின் புள்ளி கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. ஆகவே லாபம் இருக்கலாம். ஆனால் துண்டு காலில் ஒட்டியிருந்தால்தான் அந்த லாபம். கழற்றிப் பையில் வைத்துவிட்டால் அது வெறும் துணி.

ஆட்டத்துக்கு முன்

எல்லா ஆட்டத்துக்கும் முன்னால் உபகரணச் சோதனை உண்டு. ஹோகு, தலைக்கவசம், கைக்காப்பு, முழங்கால் கீழ்க் காப்பு, காலுறை எல்லாம் பார்ப்பார்கள். மின்னணுக் கருவி இருந்தால் பாயின் ஓரத்திலும் ஒரு முறை உதைத்துப் பார்த்து, பலகையில் ஏறுகிறதா என்று சரிபார்ப்பார்கள்.

நடந்தவற்றில் இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்கிற பகுதி ஒன்று உண்டு. ஆட்டம் தொடங்கும் தறுவாயில் குதிகாலில் துண்டுகள் இருப்பது கவனிக்கப்பட்டது. எடுக்கச் சொன்னார்கள், எடுக்கப்பட்டது. அதன் பிறகே ஆட்டம் தொடங்கியது.

ஒப்புக்கொள்ளாத பகுதி அதற்கு முந்தைய சில நிமிடங்கள். முதல் சோதனையின்போதே அந்தக் காலுறை அப்படித்தான் இருந்தது, அனுமதியும் கிடைத்தது என்றது தைவான் தரப்பு. சோதனையில் இல்லாத துண்டுகள் அதற்குப் பிறகு ஒட்டப்பட்டன என்றது கூட்டமைப்புத் தரப்பு. முதலாவது உண்மையானால் இது சோதனை மேசையின் கவனக்குறைவு. இரண்டாவது உண்மையானால் திட்டமிட்ட ஏமாற்று. இரண்டுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

அந்தத் தூரத்தைத் தீர்க்கக்கூடிய ஒரு தாள், சோதனை மேசையில் எடுத்த ஒரு படம், ஒரு கையெழுத்து எதுவும் அன்று பொதுவில் வைக்கப்படவில்லை. பிறகு நடந்த அத்தனை வாக்குவாதமும் தொலைக்காட்சிக் காட்சிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கால் தெரியும் இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து நடந்ததுதான்.

முதல் முடிவு: ஆட விடுவது

இந்த நிகழ்வை அலசுகிறவர்கள் பெரும்பாலும் தகுதி நீக்கத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய முடிவு, அதாவது ஆட்டத்தைத் தொடங்க விட்டது.

அந்த நிமிடத்தில் அதிகாரிகள் முன்னால் சில வழிகள் இருந்தன. தொடங்காமல் நிறுத்திவைத்து, தொழில்நுட்பக் குழுவைக் கூப்பிட்டு, "இது தவறா, தவறென்றால் தண்டனை என்ன?" என்று கேட்டு முடித்திருக்கலாம். அல்லது வேறு காலுறை மாற்றிக்கொண்டு வரச் சொல்லி ஒரு நிமிடம் கொடுத்திருக்கலாம். அல்லது குற்றம் என்று உறுதியாகத் தெரிந்தால் அங்கேயே வெளியே அனுப்பியிருக்கலாம். எதைச் செய்திருந்தாலும் கோபம் வந்திருக்கும், ஆனால் புரிந்திருக்கும்.

அவர்கள் செய்தது வேறு. துண்டுகளை எடுக்கச் சொன்னார்கள், எடுத்ததும் "ஷிஜாக்" என்று ஆட்டத்தைத் தொடங்கினார்கள். விளையாட்டைப் பார்க்கிற யாருக்கும் இதன் பொருள் ஒன்றுதான்: பிரச்சினை தீர்ந்தது, ஆடலாம். வீராங்கனையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்.

அப்படி விட்டதற்கும் ஒரு நியாயம் இருந்திருக்கும். ஆசியப் போட்டியில் ஒரே நாளில் பல எடைப் பிரிவுகளை முதல் ஆட்டம் முதல் இறுதி வரை முடிக்க வேண்டும். நேர அட்டவணை கழுத்தைப் பிடிக்கும். சந்தேகம் வந்தால் "முதலில் ஆட விடு, பிறகு பார்ப்போம்" என்பது களத்தில் உள்ளவர்களுக்குத் தானாக வரும் புத்தி. நானும் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் அதையே செய்திருப்பேனோ என்னவோ.

இரண்டாவது முடிவு: நிறுத்துவது

ஆட்டம் ஒருபக்கமாகப் போனது. தைவான் வீராங்கனை தொடர்ந்து புள்ளி எடுத்தார், எதிராளிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 9–0. அந்த நிலையில்தான் ஆட்டம் நிறுத்தப்பட்டு, காலுறை பற்றிய பேச்சு திரும்ப எழுந்தது. முடிவாக, தகுதி நீக்கம். வியட்நாம் வீராங்கனை அடுத்த ஆட்டத்துக்குப் போனார்.

அனுமதியில்லாத உபகரணத்தோடு களத்துக்கு வந்ததே குற்றம், துண்டு கழற்றப்பட்டதால் குற்றம் அழிந்துவிடாது என்பது கூட்டமைப்பு வைத்த வாதம். ஒன்பது புள்ளியும் அந்தத் துண்டால் வந்தவை என்று சொல்லத் தேவையில்லை, முயற்சியே போதும். தேர்வு அறைக்குள் பிட்டோடு வந்தவர், அதை எடுத்துப் பார்க்காவிட்டாலும் பிட்டோடு வந்தவர்தானே என்கிற மாதிரி.

வாதத்தில் சத்து இருக்கிறது. ஆனால் பிட்டைப் பிடித்த கண்காணிப்பாளர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, "சரி, உட்கார்ந்து எழுது" என்று சொல்லிவிட்டு, பாதித் தாளை எழுதி முடித்த பிறகு வந்து விடைத்தாளைப் பிடுங்கினால்? விதி அதேதான், அதன் முகம் வேறாகிவிடுகிறது. தண்டனைக்குக் காரணம் பிட்டா, இல்லை நன்றாக எழுதியதா என்று கேள்வி எழும். 0–0இல் வந்திருந்தால் உபகரணப் பிரச்சினையாக மட்டும் இருந்திருக்கும் அந்த முடிவு, 9–0இல் வந்ததால் சதியாகத் தெரிந்தது.

பாயில் உட்கார்ந்தவர்

முடிவு சொல்லப்பட்டதும் வீராங்கனை களத்தை விட்டுப் போகவில்லை. பாயின் மேலேயே உட்கார்ந்தார். காலுறைகளைக் கழற்றினார், அழுதார். பயிற்சியாளர் அதிகாரிகளிடம் வாதாடிக்கொண்டிருந்தார். அந்தக் காட்சி அன்று மாலைக்குள் தைவானின் எல்லாத் தொலைக்காட்சிகளிலும் ஓடியது. அடுத்த நாள் செய்தித்தாள்களின் முதல் பக்கமும் அதுதான்.

போட்டி நடத்துகிறவர்கள் இந்தக் காட்சியை "ஒழுங்கீனம்" என்ற ஒரு சொல்லில் கடந்துவிடுவார்கள். முன்னிலையில் இருந்த ஒருவருக்கு அவர் தோற்றுவிட்டார் என்று சொல்லும்போது, அதை யார் சொல்கிறார், எந்த மொழியில் சொல்கிறார், எந்த விதியைக் காட்டிச் சொல்கிறார் என்பதெல்லாம் பெரிய விஷயம். கைச்சைகையும் பலகையில் மாறிய எழுத்தும் போதாது. அந்தப் பெண் அவ்வளவு நேரம் பாயில் உட்கார்ந்திருந்ததற்குப் பிடிவாதம் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. தன் காலில் என்ன குறை என்று அவருக்கே விளங்கவில்லை.

அடுத்த பத்து நாட்கள்

முதலில் வந்தது வார்த்தைகள். விசாரணை எதுவும் நடப்பதற்கு முன்பே, உலகக் கூட்டமைப்பின் உயர் பொறுப்பில் இருந்தவர் இதை வேண்டுமென்றே செய்த ஏமாற்று என்ற பொருளில் பேசினார். ஆசிய டேக்வாண்டோ சங்கத்தின் இணையதளத்தில் சீன தைபே தரப்பு வஞ்சகம் செய்தது என்று தலைப்பிலேயே குற்றம்சாட்டும் கட்டுரை வந்தது. சங்கத்தின் தளம் பிறகு ஊடுருவித் தாக்கப்பட்டது.

தைவானில் கோபம் பொங்கிய வேகம் பார்த்தவர்களையே பயமுறுத்தியது. அது சீனாவை நோக்கி மட்டும் போகவில்லை, தென்கொரியாவை நோக்கியும் போனது. இந்த விளையாட்டு பிறந்த நாடு கொரியா, கூட்டமைப்பின் தலைமை கொரியர் கையில், கருவி கொரிய நிறுவனத்துடையது, முடிவில் சம்பந்தப்பட்ட ஓர் அதிகாரி கொரிய வம்சாவளியினர். இது போதுமானதாக இருந்தது. கொரியக் கொடிகள் எரிக்கப்பட்டன. கொரிய நூடுல்ஸ், கொரியச் சாமான்கள் வேண்டாம் என்று பிரச்சாரம் நடந்தது. தைபேயில் உள்ள கொரியப் பள்ளியின் மேல் முட்டை வீசப்பட்டது. அந்தப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கும் காலுறைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் யாரிடமும் பதில் இருந்திருக்காது.

நவம்பர் 27 அன்று தைவானின் ஐந்து பெரிய நகராட்சிகளுக்குத் தேர்தல். தேர்தலுக்குப் பத்து நாள் முன்னால் இப்படி ஒரு காட்சி கிடைத்தால் எந்த அரசியல்வாதி விடுவார்? அரசின் மேல்மட்டத்தில் இருந்தவர்களே இதை ஏற்க முடியாது என்று பேச வேண்டியதாயிற்று. மென்மையாகப் பேசியவர்கள் கோழைகள் என்று ஏச்சு வாங்கினார்கள்.

இதற்கிடையே, அதே 49 கிலோவில் தங்கத்தை வூ ஜிங்யூ வென்றார். அவருக்கு வழிவிடத்தான் இதெல்லாம் என்ற பேச்சு தைவானில் பரவலாக இருந்தது. அதற்கு ஆதாரம் எதுவும் வெளியே வரவில்லை. ஒலிம்பிக் சாம்பியன் ஒருவர் ஆசியப் போட்டியில் வெல்வதற்கு யாருடைய உதவியும் தேவையில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் வழிமுறை மங்கலாக இருக்கும் இடத்தில் இப்படிப்பட்ட கதை தானாக முளைக்கும். அதற்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டியதில்லை.

அதிகாரிகளின் விளக்கங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பது தைவான் தரப்பு திரும்பத் திரும்பச் சொன்ன குறை. எப்போது கண்டுபிடிக்கப்பட்டது, யார் கண்டுபிடித்தது, குற்றம் துண்டா அல்லது பழைய வகைக் காலுறையா என்று ஒவ்வொன்றிலும் குழப்பம். ஒரே வாயிலிருந்து ஒரே தகவல் வந்திருந்தால் கோபம் இருந்திருக்கும். ஆனால் இவ்வளவு சந்தேகம் இருந்திருக்காது.

டிசம்பர்: தண்டனை

கூட்டமைப்பு டிசம்பரில் தன் முடிவை அறிவித்தது. வீராங்கனைக்கு மூன்று மாதத் தடை. பயிற்சியாளருக்கு 20 மாதத் தடை. தைவானின் டேக்வாண்டோ சங்கத்துக்கு 50,000 அமெரிக்க டாலர் அபராதம்.

இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. முதல் நாள் பேச்சில் இருந்த "ஏமாற்று" உண்மையில் வீராங்கனையின் வேலையாக இருந்திருந்தால், மூன்று மாதம் என்பது மிகக் குறைவு. அந்தப் பொறுப்பின் பெரும்பங்கு பயிற்சியாளர் தோளுக்குப் போயிருக்கிறது. இது என் வாசிப்புதான். ஆனால் 20க்கும் 3க்கும் உள்ள வித்தியாசம் வேறு எதைச் சொல்லும் என்று எனக்குத் தெரியவில்லை. உலகம் முழுக்கப் பார்த்த அவமானம் மட்டும் வீராங்கனையின் பங்கில் நின்றது. அதில் யாரும் பங்கு கேட்டு வரவில்லை.

தைவானில் இந்த முடிவும் கசப்போடுதான் வாங்கப்பட்டது. சோதனை மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள் செய்ததோ, ஆட்டத்தைத் தொடங்க விட்டவர்கள் செய்ததோ இந்தத் தண்டனைப் பட்டியலில் இல்லை என்பதை அங்குள்ளவர்கள் உடனே கவனித்தார்கள்.

எங்கே வேறு மாதிரி செய்திருக்கலாம்

பயிற்சியாளர் பக்கமிருந்து தொடங்கலாம், ஏனென்றால் தவறு முளைத்தது அங்கேதான். ஏமாற்றும் எண்ணம் இருந்ததோ இல்லையோ, ஒரு சர்வதேசப் போட்டிக்கு எந்த வகைக் காலுறை செல்லும் என்று தெரியாமல் போவது பயிற்சியாளர் செய்யக்கூடாத பிழை. கருவி புதியது, வகைகள் மாறிக்கொண்டிருந்தன என்பதெல்லாம் உண்மை. அதனாலேயே முந்தின நாள் சோதனைக் குழுவிடம் காலுறையைக் கொண்டுபோய்க் காட்டி, "இது ஓகேவா?" என்று கேட்டு, பதிலை எழுதி வாங்கியிருக்க வேண்டும். ஒட்டி எடுக்கக்கூடிய எந்தத் துண்டும் பையிலேயே இருக்கக் கூடாது. வீராங்கனை எடையையும் எதிராளியையும் பார்த்துக்கொள்வார். காலில் எது இருக்க வேண்டும் என்பது அவர் தலைவலியாக இருக்கவே கூடாது.

போட்டி நடத்துகிறவர்கள் பக்கம் வந்தால், மின்னணுக் காலுறையை ஆடுகிறவரே கொண்டுவர விட்டது பெரிய ஓட்டை. புள்ளி கொடுக்கும் கருவியில் பாதி ஆடுகிறவரின் பையில் வருகிறது. ஹோகுவைப் போட்டிக் குழு கொடுக்கும்போது காலுறையையும் அதே மேசையிலிருந்து கொடுத்து, ஆட்டம் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. செலவு கூடும்தான். ஆனால் அந்த ஆண்டு இந்த விளையாட்டு கொடுத்த விலையோடு பார்த்தால் அது சில்லறை.

சோதனை மேசையில் இருந்து பாய்க்குப் போகும் பாதை இன்னொரு ஓட்டை. சோதித்த நிலையிலேயே ஒருவர் பாய்க்கு வர வேண்டும் என்றால், நடுவில் அவர் தனியாக இருக்கும் நேரம் இருக்கக் கூடாது. அதற்கு ஓர் ஆளைக் கூட அனுப்பலாம். இல்லை என்றால் இரண்டு பாதங்களையும் படமெடுத்து, பயிற்சியாளரிடம் ஒரு கையெழுத்து வாங்கலாம். 2010இலேயே எல்லோர் கையிலும் கேமரா வைத்த போன் இருந்தது.

அப்புறம் "ஷிஜாக்". உபகரணம் பற்றிய எந்தக் கேள்வியும் அந்தச் சொல்லுக்கு முன் முடிய வேண்டும். முடியாத கேள்வி இருந்தால் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. ஆட்டம் நடக்கும்போது புதிதாக ஒன்று தெரியவந்தால் நிறுத்துவது வேறு. ஏற்கனவே தெரிந்து, திருத்தி, அனுமதித்த ஒன்றுக்காக நடுவில் நிறுத்துவது வேறு. ஆட்டத்துக்கு முன் துண்டை எடுக்கச் சொன்ன அந்த அதிகாரிக்கு "எடுத்தால் ஆடலாம்" என்று சொல்லும் அதிகாரம் இருந்ததா, இல்லையா? இருந்தது என்றால் பிறகு வந்த முடிவு தவறு. இல்லை என்றால் அவர் அதைச் சொல்லியிருக்கவே கூடாது. யாருக்கு எந்த அதிகாரம் என்பது அந்த மேசையில் எழுதித் தொங்கியிருக்க வேண்டும்.

கடைசியாக வாய். விசாரணை முடியும்வரை "ஒரு உபகரண விதி மீறல் பற்றி ஆராய்கிறோம்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் யாரும் சொல்லியிருக்கத் தேவையில்லை. இணையதளத்தில் ஒரு தலைப்பு போட்டதில் ஒரு சங்கத்துக்குக் கிடைத்த லாபம் என்ன என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

பிறகு

லண்டன் 2012 ஒலிம்பிக்குக்கு லாஜஸ்ட் கருவி தேர்ந்தெடுக்கப்படவில்லை, டேடோ என்ற நிறுவனத்தின் கருவி வந்தது. அதில் காலுறையில் காந்தத் துண்டுகள், மார்க்கவசத்தில் அவற்றை உணரும் அமைப்பு. உலகக் கூட்டமைப்பு 2017இல் தன் பெயரையும் சுருக்கி 'வேர்ல்டு டேக்வாண்டோ' என்று ஆக்கிக்கொண்டது. அதற்குக் காரணம் பழைய பெயரின் ஆங்கிலச் சுருக்கமான WTF ஒரு வசைக்கும் சுருக்கமாக இருந்த தர்மசங்கடம்தான், இந்த விவகாரம் அல்ல.

தடை முடிந்ததும் வீராங்கனை திரும்ப ஆட வந்தார். 2012 ஆகஸ்ட் 8 அன்று லண்டன் எக்ஸெல் அரங்கில் பெண்கள் 49 கிலோ போட்டி நடந்தபோது தைவான் சார்பில் நின்றவர் அவரேதான். பதக்கம் கிடைக்கவில்லை. தங்கத்தை மறுபடியும் வூ ஜிங்யூவே வாங்கினார். அந்த ஒலிம்பிக்கில் டேக்வாண்டோவில் தைவானுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வெண்கலம், அது 57 கிலோ பிரிவில் இன்னொரு பெண் வாங்கியது.